ஊரில் அம்மாவுடன் ஒரு வாரம்: பலகாரமும் குடிலும் எந்த நாளில் எதைத் தொடங்கலாம்?

லிங்கராஜபுரம்_நாஞ்சில்காரி கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். பெங்களூர் வந்து பதினோரு வருஷம் ஆகிறது, ஊர் நாகர்கோவில் பக்கம் ஒரு சின்ன கிராமம். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் 24ஆம் தேதி காலையில் போய் இறங்கி, ராத்திரி பூசை பார்த்துவிட்டு, 26 சாயங்காலம் திரும்ப ரயில் ஏறிவிடுவோம். இந்த முறை நானும் நாலாம் வகுப்பு படிக்கிற மகளும் 18ஆம் தேதியே போகிறோம், அவர் 24 அன்று வந்து சேர்ந்துகொள்வார்.

அப்பா இறந்த பிறகு அம்மா பலகாரம் சுடுவதை விட்டுவிட்டார். மூட்டுவலியும் இருக்கிறது. போன வருஷம் கடை கேக் ஒன்றுதான், அதைக்கூட பக்கத்து வீட்டுப் பையனிடம் சொல்லி வாங்கி வைத்திருந்தார். போனில் கேட்டால் "நீ வந்தாப் போதும், ஒண்ணும் செய்யாண்டாம்" என்கிறார். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை பேச்சுக்கு நடுவில் "அச்சு முறுக்கு அச்சு உன்கிட்டயா இருக்கு?" என்று கேட்டார். என்னிடம்தான் இருக்கிறது. எடுத்துப் பார்த்தேன், துருப்பிடித்துக் கிடக்கிறது, பார்த்ததும் அழுகை வந்துவிட்டது. இரும்பு அச்சு, அதைப் பழையபடி ஆக்க முடியுமா? ஆறு நாளில் எதை முதலில் செய்ய வேண்டும்? மகளுக்குக் குடில் கட்ட வேண்டும் என்று ஆசை.

மார்த்தாண்டம்_அக்கா:

கண்டிப்பாக ஆக்கலாம் தங்கச்சி, அச்சைத் தூக்கிப் போட்டுவிடாதே. புளியும் தேங்காய் நாரும் வைத்து இதழ் இதழாகத் தேய்த்துக் கழுவி, உடனே அடுப்பில் காட்டி ஈரம் போக்கி, தேங்காய் எண்ணெய் தடவி வை. ஊருக்குப் போனதும் சோறு வடித்த கஞ்சியில் ஒரு ராத்திரி ஊறப் போடு. சுடுகிற அன்று எண்ணெய் காயும்போதே அச்சும் உள்ளே கிடந்து காய வேண்டும். மாவில் முக்கும்போது முக்கால் பாகம்தான் முங்கணும், மேல் விளிம்பில் மாவு ஏறிவிட்டால் முறுக்கு கழறவே கழறாது. முதல் நாலைந்து பிய்ந்து வரத்தான் செய்யும், அதற்குள் சோர்ந்துவிடாதே.

ஆனால் நான் முந்திரிக்கொத்தைத்தான் முதலில் தொடங்கச் சொல்வேன், அது பத்து நாள் தாராளமாக இருக்கும். வெளியூர்க்காரர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன், இதில் முந்திரிப்பருப்பு கிடையாது, எங்கள் பக்கம் முந்திரி என்றால் திராட்சை, மூன்று உருண்டை ஒட்டிக்கொண்டு திராட்சைக் கொத்து மாதிரி இருப்பதால் அந்தப் பேர். சிறுபயறு வறுத்துப் பொடித்து, வறுத்த தேங்காய்த் துருவல், எள், ஏலம், சுக்கு சேர்த்து, கருப்பட்டிப் பாகு ஊற்றிக் கிளறி, கை பொறுக்கிற சூட்டில் உருட்டிவிட வேண்டும், ஆறினால் உதிர்ந்துவிடும். இங்கேதான் அம்மா வேண்டும். பாகுப் பதம் எழுதிக் கொடுத்து வருவதில்லை, தண்ணீர்க் கிண்ணத்தில் ஒரு சொட்டு விட்டு விரலால் உருட்டிப் பார்த்து "இப்ப எடு" என்று அவர் சொல்லணும். நாற்காலியை அடுப்படிக்குக் கொண்டு வந்து உட்கார வை, கிளறுவது நீ, உருட்டுவது பிள்ளை.

தூத்துக்குடி_தம்பி:

அக்கா, குடிலுக்கு 18ஆம் தேதியே ஒரு வேலை இருக்கிறது. அன்று ராத்திரி கேழ்வரகு, கடுகு, வெந்தயம் மூன்றையும் தனித்தனியாக ஊற வைத்து, மறுநாள் சிரட்டையில் மண் போட்டு நெருக்கமாகத் தூவிவிடுங்கள். பாப்பாவே தண்ணீர் தெளிக்கட்டும். 24ஆம் தேதிக்குள் கடுகு நன்றாகப் பச்சை கட்டியிருக்கும், கேழ்வரகு கொஞ்சம் குட்டையாக நின்றாலும் குடில் முன்னால் வைத்தால் நிஜப் புல்வெளி மாதிரியே இருக்கும். இங்கே பெங்களூர் சிவாஜிநகரில் மாதா கோவில் எதிரே ரஸ்ஸல் மார்க்கெட் பக்கம் பிளாஸ்டிக் புல்லும் குடிலில் வைக்கிற சொரூபங்களும் விற்கிறார்கள், சொரூபம் மட்டும் வாங்கிக்கொண்டு போங்கள், புல் வேண்டாம்.

1223இல் இத்தாலியில் கிரேச்சோ என்ற ஊரில் அசிசி புனித பிரான்சிஸ் குடில் வைத்தபோது வைக்கோல் போட்டு நிஜமான மாட்டையும் கழுதையையும்தான் நிறுத்தினார். உங்கள் ஊரில் மாடும் வைக்கோலும் இருக்குமே, பாப்பாவைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு கட்டு கேட்டு வாங்கி வாருங்கள். பாலன் இயேசுவை மட்டும் 24 ராத்திரி பூசை முடிந்து வந்துதான் வைக்க வேண்டும், அதுவரை தீவனத்தொட்டி காலியாகவே இருக்கட்டும். ஜனவரி தொடக்கத்தில் வரும் மூன்று ராஜாக்கள் திருநாள் வரை குடிலைப் பிரிக்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு வாருங்கள்.

ஓசூர்_ரோடு:

மழையை நினைவில் வையுங்கள். 2023 டிசம்பர் 17, 18இல் நெல்லை, தூத்துக்குடிப் பக்கம் பெய்தது ஞாபகம் இருக்கும், காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர், ரயில்கள் நின்றுபோயின. நீங்கள் போகும் வண்டி சேலம், மதுரை, நெல்லை வழிதானே, அதனால் 18ஐ வேலை நாளாகக் கணக்கில் எடுக்காதீர்கள். முறுக்குக்கான அரிசி மாவைக் காயவைக்க வெயிலை நம்பி விடாமல் சட்டியில் லேசாக வறுத்துக்கொள்ளுங்கள். அவருக்கு இன்னும் டிக்கெட் எடுக்கவில்லை என்றால், இப்போது 60 நாளைக்கு முன்னால்தான் முன்பதிவு திறக்கிறது, அந்தக் காலையிலேயே எடுத்துவிடச் சொல்லுங்கள்.

மார்த்தாண்டம்_அக்கா:

இன்னொன்று சொல்ல மறந்துவிட்டேன். தீபாவளிக்கு அம்மாவுக்குப் பலகாரம் கொடுத்துவிட்ட வீடுகள் எத்தனை என்று முதலில் கேள், அதற்குத் தக்க மாவு பிடி. அந்தத் தட்டுகள் அடுக்களையில்தான் இருக்கும், வெறுந்தட்டாகத் திருப்பிக் கொடுத்திருக்க மாட்டார்.

லிங்கராஜபுரம்_நாஞ்சில்காரி:

அக்கா, தம்பி, எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இப்போதுதான் அம்மாவுக்குப் போன் பண்ணிக் கேட்டேன், ஏழு தட்டு இருக்கிறதாம். யார் யார் வீட்டுத் தட்டு என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தவர், நான் ஒன்றும் கேட்காமலேயே "ரெண்டு கிலோ சிறுபயறு போதாது, மூணா வாங்கிப் போடட்டா" என்றார். அச்சைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன், இரண்டு இதழ் வெளுத்துவிட்டது.