கடற்கரைத் தொடக்கப்பள்ளியில் வாசிப்பு பின்தங்குவது: குறை பள்ளியிலா, வீட்டிலா?

தென்கடலான்
பாம்பன் பக்கம் ஓர் ஊர், பெயர் வேண்டாம். போன வாரம் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் அடிப்படை எழுத்தும் கணக்கும் கற்றுத்தரும் அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் எந்தப் பிள்ளை எந்த நிலை என்ற பட்டியலைக் காட்டினார்கள். நாலாம், அஞ்சாம் வகுப்பில் பாதிக்கு மேல் இன்னும் ‘அரும்பு’, அதாவது அடி நிலை. அடுத்த நிலையான ‘மொட்டு’ கொஞ்சம், மேல் நிலையான ‘மலர்’ விரல் விட்டு எண்ணலாம். ஏன் என்று கேட்டதற்கு, “இங்கே வருகிற பிள்ளைகள் அப்படி, வீட்டில் கவனிப்பில்லை” என்றார்கள். 2022-ல் இந்தத் திட்டம் தொடங்கியபோது, 2025-க்குள் எட்டு வயதுக்குட்பட்ட எல்லாப் பிள்ளைகளும் எழுதப் படிக்க வேண்டும் என்பதுதான் இலக்கு. டவுன் நர்சரிக்கு வேனில் போகிற பிள்ளை சரளமாக வாசிக்கிறது. நம் பிள்ளைக்கு மட்டும் வீட்டைக் காரணம் காட்டினால் என்ன நியாயம்?

விடிலி டீச்சர்
அந்த வேனில் ஏறுவது யார் என்று ஒரு நாள் நின்று பாருங்கள் அண்ணன். விசைப்படகு ஓனர் வீட்டுப் பிள்ளை, மீன் வியாபாரி பிள்ளை, வெளிநாட்டுச் சம்பளம் வருகிற வீட்டுப் பிள்ளை. சாயங்காலம் டியூஷனும் உண்டு. நம்மிடம் மிஞ்சுவது அடுத்தவர் படகில் பங்குக்குக் கடலுக்குப் போகிறவர் பிள்ளையும், கடல்பாசி எடுக்கப் போகிற அம்மாவின் பிள்ளையும். இரண்டு பள்ளியின் பட்டியலையும் பக்கத்தில் வைத்தால் நீங்கள் பார்ப்பது பாதிக்குப் பாதி அப்பாக்களின் வருமானத்தைத்தான்.

நான் கடலாடிப் பக்கம் வேலை பார்க்கிறேன். பனைச் சீசன் வந்தால் குடும்பமே காட்டு விடிலிக்கு, அதாவது கருப்பட்டி காய்ச்சும் குடிசைக்கு, போய்விடும். மாசியில் போனால் ஆடி ஆகும் திரும்ப. அந்தப் பிள்ளைக்கு மூன்றாம் பருவம் என்று ஒன்றே கிடையாது. கரிமூட்டம் போடுகிறவர்கள் சீமைக்கருவேலம் எங்கே ஏலத்துக்கு வருகிறதோ அங்கே போவார்கள். பிள்ளை அங்கே இருக்கும், எமிஸில், அதாவது துறையின் ஆன்லைன் மாணவர் பதிவில், பெயர் இங்கே இருக்கும். பரீட்சைக்கு வராத பிள்ளையும் என் கணக்கில் ‘அரும்பு’தான்.

கச்சான் காற்று
டீச்சர், கோபப்படாதீர்கள். எங்கள் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் நடுவில் ஒரு சவுக்குத் தோப்புதான். அதே கடல், அதே வல்லம் என்கிற நாட்டுப்படகு, அதே பங்குக்காரர் பிள்ளைகள். அங்கே மூணாம் வகுப்புப் பிள்ளை பேப்பரை எடுத்துப் படபடவென்று வாசிக்கிறது, எங்கள் ஊரில் அஞ்சாம் வகுப்பு எழுத்துக் கூட்டுகிறது. வீடுதான் காரணம் என்றால் இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டுமே?

இன்னொன்று. 2018-ல் நிதி ஆயோக் பின்தங்கிய மாவட்டங்களைத் தேர்ந்தெடுத்தபோது தமிழ்நாட்டிலிருந்து நாமும் விருதுநகரும்தான். அதே இராமநாதபுரம் 2024 பத்தாம் வகுப்புத் தேர்ச்சியில் அரியலூர், சிவகங்கைக்கு அடுத்து மூன்றாவது. ஏழை மாவட்டம் என்றால் படிப்பு வராது என்பது எந்த ஊர்க் கணக்கு?

வடகடல் வாடை
அந்த மூன்றாவது இடம் பத்தாம் வகுப்பு வரை வந்து சேர்ந்தவர்களின் கணக்கு. எட்டாவதோடு வல்லத்தில் ஏறிய பையன் அதில் இல்லை. அவனைத்தான் நாம் இங்கே பேசிக்கொண்டிருக்கிறோம்.

ஐஸ் பெட்டி
இராமேசுவரம் பஞ்சாயத்துத் தொடக்கப்பள்ளியில் படித்துத்தானே கலாம் ஐயா ஜனாதிபதி ஆனார்?

வடகடல் வாடை
வந்துவிட்டார். இந்த மாவட்டத்தில் டீக்கடைப் பேச்சுகூட அவரைத் தொடாமல் முடியாது. தம்பி, அதே பெஞ்சில் உட்கார்ந்த மற்ற பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று சொன்னால் பள்ளியைப் பற்றி ஏதாவது தெரியும்.

கீழக்கரை காக்கா
ரெண்டு பேரும் சதவீதத்தை வைத்துச் சண்டை போடுகிறீர்கள். ஒரு வகுப்பில் எட்டுப் பிள்ளைகள் என்றால் ஒரு பிள்ளை மாறினாலே பன்னிரண்டரை சதவீதம் மாறும். நம் கரையில் பிள்ளைகள் மாறாத வருஷமே இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். கையில் காசே இல்லாத அந்த ஜூனில்தான் பள்ளி திறக்கும். வேன் பீஸ் கட்ட முடியாத பிள்ளை அரசுப் பள்ளிக்கு வரும், நல்ல மீன்பாடு கிடைத்தால் அடுத்த வருஷம் திரும்பிப் போகும். வாடைக்காற்று அடித்தால் வடகடல் (பாக் நீரிணை) படகு தென்கடலுக்கு (மன்னார் வளைகுடா) போகும், சில வீடுகளில் பிள்ளையும் கூடவே போகும். போன வருஷப் பட்டியலும் இந்த வருஷப் பட்டியலும் ஒரே பிள்ளைகளுடையதே இல்லை.

அப்புறம் கச்சான் தம்பி சொன்ன பக்கத்து ஊர் விஷயம். அங்கே எத்தனை டீச்சர், எத்தனை வருஷமாக இருக்கிறார்கள் என்று கேட்டீர்களா? 60 பிள்ளை வரை ரெண்டு ஆசிரியர் என்பது சட்டம். அதில் ஒருவர் பயிற்சிக்கோ தேர்தல் வேலைக்கோ போனால் அஞ்சு வகுப்புக்கும் ஒரே ஆள்.

கச்சான் காற்று
கேட்டேன் காக்கா. அங்கேயும் ரெண்டு பேர்தான். ஆனால் தலைமையாசிரியை ரொம்ப வருஷமாக மாறவில்லை. எந்தப் பிள்ளையின் அம்மா எத்தனை மணிக்குப் பாசிக்குப் போவார் என்பது வரை அவருக்குத் தெரியும். நான் சொல்வதும் அதுதானே, வித்தியாசம் பள்ளியில் இருக்கிறது.

விடிலி டீச்சர்
மாறாமல் இருந்தார் என்கிறீர்கள். இங்கே வருஷா வருஷம் மாற்றல், மாற்றுப்பணி. அதை நான் போடவில்லை.

காலை உணவையும் பாருங்கள். 2023 ஆகஸ்ட் முதல் எல்லா அரசு தொடக்கப்பள்ளியிலும் வந்தது. விடிகாலையில் அம்மா கடலுக்குப் போன வீட்டுப் பிள்ளை முன்பெல்லாம் முதல் பீரியடில் சுருண்டு கிடக்கும். இப்போது உட்கார்ந்து கேட்கிறது. வீட்டில் உள்ள குறையைப் பள்ளியால் கொஞ்சம் ஈடுகட்ட முடியும், நான் இல்லை என்று சொல்லவில்லை. அதற்கு ஆளும் பொருளும் வேண்டும்.

தென்கடலான்
சரி, அடுத்த கூட்டத்தில் இப்படிக் கேட்கப் போகிறேன். ஜூன் முதல் மார்ச் வரை ஒரே பள்ளியில் இருந்த பிள்ளைகளை மட்டும் தனியாக எடுங்கள், சேரும்போது எந்த நிலை, இப்போது எந்த நிலை என்று காட்டுங்கள். பாதியில் போய் வந்தவர்களுக்குத் தனித் தாள். குழுவில் முக்கால்வாசி நாங்கள் பெற்றோர்தான், தர மாட்டேன் என்று சொல்ல முடியாது.

விடிலி டீச்சர்
தாராளமாகக் கேளுங்கள். இரண்டாவது ஆசிரியர் எத்தனை நாள் பள்ளியில் இல்லை, எதற்காக இல்லை என்பதையும் அதே தாளில் எழுதச் சொல்லுங்கள்.

கச்சான் காற்று
எல்லாம் சரி. தாள் வரும்போது இந்த அஞ்சாம் வகுப்பு ஆறுக்குப் போயிருக்கும். எழுத்துக் கூட்டுகிற அந்தப் பிள்ளைகளை இந்தத் தடைக்கால லீவில் யார் உட்கார வைத்து வாசிக்கச் சொல்வது? ஊரில் பிளஸ் டூ முடித்த பெண்கள் இருக்கிறார்கள். நான் கேட்டுப் பார்க்கிறேன், இடத்துக்கு வலைக் கொட்டகையை யாராவது பேசிக் கொடுங்கள்.