ஸ்ட்ராபெரிக் கையேடு: ‘இனப்பெருக்கம்’ என்ற சொல்லுக்கு மாற்று வேண்டும்

வெள்ளி காலை. மொழிபெயர்ப்பாளர், அஸ்தம்பட்டி

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

ஏற்காட்டு மலையில் சிறு பாத்திகளில் ஸ்ட்ராபெரி வைத்துப் பார்க்கும் உழவர்களுக்காக 24 பக்கக் கையேடு ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். திங்கட்கிழமை காலை அது அச்சகத்துக்குப் போக வேண்டும். மற்றவை எல்லாம் முடிந்துவிட்டன; ஒரு சொல் மட்டும் இரண்டு வாரமாக என்னை நகர விடவில்லை.

கையேட்டின் இரண்டாம் பகுதி, சுவையும் சத்தும் நோய் தாங்கும் திறனும் கூடிய புதிய ரகங்களை ஆய்வாளர்கள் எப்படி உண்டாக்குகிறார்கள் என்று விளக்குகிறது. மூன்றாம் பகுதி, தாய்ச்செடி விடும் ஓடுகொடியிலிருந்து கன்று எடுத்து நடுவதைச் சொல்கிறது. வேளாண் நூல்களின் வழக்கைப் பின்பற்றி முதலாவதைப் ‘பயிர் இனப்பெருக்கம்’ என்றும், அடுத்ததைப் ‘பாலிலா இனப்பெருக்கம்’ என்றும் எழுதியிருந்தேன்.

சென்ற ஞாயிறன்று நாகலூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் வரைவைப் படித்துக் காட்டினேன். தோட்டத்து அம்மா கேட்டுக்கொண்டே பாத்தியோரம் குந்தி, செடியிலிருந்து நீண்டு வந்திருந்த சிவந்த கொடியின் கணுவை மண் நிரப்பிய சிறு பையின் மேல் வைத்து, வளைத்த கம்பியால் அழுத்தி, விரலால் மண்ணைத் தட்டிவிட்டார். பிறகு நிமிர்ந்து, “இதைத்தானே கண்ணு இனப்பெருக்கம்னு எழுதியிருக்கே? வருசா வருசம் நான் பண்றதுதானே. பழம் அதே புளிப்பாத்தானே வருது?” என்று கேட்டார். அருகில் நின்ற இன்னொருவர், இனப்பெருக்கம் செய்த ரகம் என்றால் மரபணுவை மாற்றியதா என்று கேட்டார்.

அந்த அம்மா செய்தது சரி. என் சொல்தான் தவறு. கொடியிலிருந்து வரும் கன்று தாயின் நகல். அதில் புளிப்பு மாறாது. பூவுக்குப் பூ மகரந்தம் சேர்த்து, விதை எடுத்து, முளைத்த ஆயிரக்கணக்கான நாற்றுகளில் ஒன்றைப் பொறுக்கும் வேலையே இரண்டாம் பகுதியில் உள்ளது. இவ்விரண்டையும் ஒரே சொல்லால் குறித்தால், சுவை குறைவது ரகத்தால் என்று அறியாமல் உரத்தையும் மருந்தையும் கூட்டுவார்கள். தோலுரிக்காமல் தின்னும் பழத்துக்கு அது நல்லதன்று. ஞாயிறு இரவுக்குள் ஒரு சொல் தாருங்கள்.

வெள்ளி மாலை. வேளாண் பட்டதாரி, ஏற்காடு

அம்மா, உங்கள் தவிப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் ‘பயிர் இனப்பெருக்கம்’ என்பது கோவையில் நாங்கள் படித்த துறையின் பெயர். 1912இல் கோவையில் தொடங்கிய கரும்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் தமிழ்ப் பெயரிலும் அந்தச் சொல்தான் இருக்கிறது. கரும்பு நல்ல எடுத்துக்காட்டு. உழவர் கரணை நட்டுத்தான் கரும்பு வளர்க்கிறார். ஆனால் 1918இல் வெளிவந்த கோ 205 கரணையிலிருந்து பிறந்ததன்று. ‘வெள்ளை’ என்ற கரும்பையும் நாணலையும் கலந்து, விதையிலிருந்து எடுத்தது. அங்கே ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நூறு ஆண்டுகளாகக் குழப்பமில்லாமல் வேலை நடக்கிறது.

ஸ்ட்ராபெரியின் கதையும் இதுபோன்றதே. நாம் உண்ணும் பழம் காட்டில் விளைந்ததன்று. 1714இல் சிலி நாட்டிலிருந்து பிரான்சுக்குப் பெரிய பழம் தரும் செடிகள் வந்து சேர்ந்தன. அவற்றில் பெண் பூக்களே இருந்ததால் தனியே காய்க்கவில்லை. வட அமெரிக்க இனம் ஒன்றின் மகரந்தம் கிடைத்த பிறகே காய்த்தன. அந்தக் கலப்பில் பிறந்ததுதான் இன்றைய செடி என்று 1766இல் பிரெஞ்சுத் தாவரவியலாளர் துஷேன் கண்டு சொன்னார். அதன் உயிரணுவில் குரோமோசோம்கள் எட்டுத் தொகுதிகளாக, மொத்தம் 56 இருக்கின்றன. ஆகவே விதையிலிருந்து வரும் ஒவ்வொரு நாற்றும் ஒவ்வொரு விதமாக இருக்கும். பொறுக்கி எடுப்பதற்கே பல ஆண்டுகள் ஆகும். கையேட்டில் இதைக் கட்டாயம் சேருங்கள்.

வெள்ளி இரவு. ஓய்வுபெற்ற தமிழாசிரியர், ஆத்தூர்

கோவையில் குழப்பமில்லை என்றால், அங்கே பேசுவோர் எல்லாரும் பாடம் படித்தவர்கள் என்பதுதான் காரணம். நாகலூர் அம்மையார் கேட்ட கேள்விக்கு அது விடையாகாது. ‘பெருக்கம்’ என்பது தொகை கூடுவதைச் சொல்லும். ஒன்று பத்தாவது பெருக்கம். புளிப்பு இனிப்பாவது பெருக்கம் அன்று. வேரிலேயே பிழையுள்ள சொல்லை நூறாண்டு வழங்கினாலும் அது சரியாகிவிடாது.

நம் மண்ணிலேயே இதற்கொரு வேர் இருக்கிறது. ஊருக்கு ஊர் நல்ல கன்று வேண்டிப் பசுவைக் காட்டும் காளையைப் ‘பொலிகாளை’ என்கிறோம். பொலிதல் என்றால் செழித்தல், சிறத்தல், பெருகுதல் மூன்றும். களத்தில் தூற்றிக் குவித்த நெல்லும் பொலிதான்; பதர் காற்றோடு போய் மணி மட்டும் நிற்கும் குவியல் அது. திருவாய்மொழியில் நம்மாழ்வார் மும்முறை ‘பொலிக’ என்று வாழ்த்தியதும் இந்த வேரிலிருந்தே. ஒரே வேரில் கலத்தலும் பிரித்தெடுத்தலும் சிறத்தலும் அடங்கியிருக்கின்றன. ஆய்வாளர் செய்யும் வேலையும் இவை மூன்றுதான். ‘பொலிப்பு’ என்று வையுங்கள். பயிர்ப் பொலிப்பு, பொலிப்பாளர், பொலிப்பு ரகம் என்று சொல் தானே விரியும்.

1916இல் இராஜாஜியும் நண்பர்களும் அறிவியல் சொற்களைத் தமிழில் ஆக்கச் சங்கம் தொடங்கியது இதே சேலத்தில்தான். தாவரவியலும் அவர்கள் எடுத்துக்கொண்ட துறைகளில் ஒன்று. அந்த ஊரில் இருந்துகொண்டு பிழையான சொல்லுக்கு நாம் ஏன் தலையாட்ட வேண்டும்?

சனி காலை. கால்நடை மருத்துவர், ஓமலூர்

ஆத்தூர் ஐயாவின் சொல் என் காதுக்கு இனிக்கிறது. பொலிகாளை என்ற சொல்லை இன்றும் தொழுவத்தில் கேட்கிறேன். விளக்கம் வேண்டாத சொல் அது. பொலிகாளையைத் தேடிப் போகிறவர் கன்றின் எண்ணிக்கைக்காகப் போவதில்லை. கன்றின் தரத்துக்காகவே போகிறார். அம்மா தேடும் வேறுபாடு அதுதானே?

ஒரு தயக்கம் மட்டும் உண்டு. மாட்டுக்குப் ‘பொலி போடுதல்’ என்றால் இணைசேர்ப்பது மட்டுமே. செடியில் அதற்கு மகரந்தச் சேர்க்கை என்ற சொல் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். பொறுக்கி எடுக்கும் பகுதியைப் பொலிப்பு தாங்குமா என்பதைத் தமிழறிந்தோர் சொல்லட்டும்.

சனி நண்பகல். கல்லூரி விரிவுரையாளர், கருப்பூர்

தாங்காது என்பதற்கு இரண்டு காரணங்கள் சொல்கிறேன்.

முதலாவது, யாப்பில் ‘பொலிப்பு’ ஏற்கெனவே கலைச்சொல். முதற்சீரிலும் மூன்றாம் சீரிலும் தொடை அமைவது பொலிப்பு. பொலிப்பு மோனை, பொலிப்பு எதுகை என்று மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள். துறை வேறு என்பதால் இதை நான் பெரிதாக எடுக்கவில்லை.

இரண்டாவதுதான் கனமானது. ‘பொலிப்பு ரகம்’ என்று அச்சிட்டால் பாதிப் பேர் ‘போலி ரகம்’ என்று படிப்பார்கள். ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் உள்ள வேறுபாடு மலிவான அச்சில் மறைந்துவிடும். போலி விதையால் ஏமாந்த உழவர் எந்த ஊரில் இல்லை? ‘கன்று வாங்கும்முன் பொலிப்பு ரகமா என்று கேளுங்கள்’ என்று ஒரு வரி இருந்தால், கடைக்காரரிடம் அவர் என்ன கேட்பார் என்று நினைத்துப் பாருங்கள்.

என் முன்மொழிவு ‘வகையாக்கம்’. வகை தூய தமிழ், ஆக்கம் தெளிவு.

சனி மாலை. வேளாண் பட்டதாரி, ஏற்காடு

‘வகையாக்கம்’ என்றதும் எனக்குப் பொருள்களை வகைப்படுத்துவதுதான் நினைவுக்கு வருகிறது. மலையில் யாரும் ‘என்ன வகை?’ என்று கேட்பதில்லை, ‘என்ன ரகம்?’ என்றே கேட்கிறார்கள். காப்பியிலும் மிளகிலும் அப்படித்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ‘ஒட்டு’ என்ற சொல்லும் இதே சிக்கலில்தான் இருக்கிறது. மாங்கன்றை ஒட்டுக் கட்டுவதும் ஒட்டு. இரண்டு ரகம் கலந்து வரும் விதையும் வீரிய ஒட்டு. உழவர் இரண்டையும் இடம் பார்த்துப் பிரித்துக்கொள்கிறார். சொல் குறையுள்ளதாக இருந்தாலும், அடுத்த வரி தெளிவாக இருந்தால் போதும் என்பது என் கருத்து.

அந்த அடுத்த வரி எதைச் சொல்ல வேண்டும் என்பதில்தான் எனக்கு அக்கறை. இரண்டாம் பகுதியில் சுவை பற்றிய பத்தி மெலிந்திருக்கிறது. பல பத்தாண்டுகளாக ரகங்களைத் தெரிவு செய்தவர்கள் விளைச்சலையும் தொலைதூரம் நசுங்காமல் போகும் கெட்டியையும் முதலில் பார்த்தார்கள். மணம் பின்னுக்குப் போயிற்று. ஸ்ட்ராபெரியின் சுவை சர்க்கரையால் மட்டும் வருவதன்று. பீச் பழ மணம் தரும் காமா டெக்காலாக்டோன் என்ற பொருள் சில ரகங்களில் உண்டு, சிலவற்றில் அடியோடு இல்லை. ஒரு மரபணு இருப்பதும் இல்லாததுமே அதற்குக் காரணம் என்று 2014இல் கண்டறிந்தார்கள். அந்த மரபணு உள்ள நாற்று எது என்று சோதித்துப் பொறுக்குகிறார்களே தவிர, வெளியிலிருந்து எதையும் செலுத்துவதில்லை. நாகலூரில் ஒருவர் மரபணு மாற்றமா என்று கேட்டாரல்லவா, அவருக்கு இதுவே விடை.

வளர்க்கும் முறை பற்றிய கவலையும் இங்கேதான் வந்து சேர்கிறது. மண்ணில் உள்ள வாடல் பூசணத்துக்கு அஞ்சி, நடுவதற்கு முன்பே மண்ணுக்குள் மெத்தில் புரோமைடு வாயுவைச் செலுத்தும் பழக்கம் பெருந்தோட்டங்களில் இருந்தது. அது ஓசோன் படலத்தை அரிப்பதால், மொன்றியல் உடன்படிக்கைப்படி வளர்ந்த நாடுகள் 2005இல் அதைக் கைவிட வேண்டியிருந்தது. கலிபோர்னியாவின் ஸ்ட்ராபெரி வயல்களுக்கு விலக்கு 2016 வரை நீண்டது. வாடலைத் தாங்கும் ரகம் கைவசம் இருந்தால் அந்த வாயுவுக்குத் தேவை குறையும். பழத்தில் வரும் சாம்பல் பூசணத்துக்கும் இது பொருந்தும். தாங்கும் ரகமும் காற்றோட்டமான இடைவெளியும் இருந்தால் மருந்தடிப்பைக் குறைக்கலாம். நம் மலையில் அந்த வாயு வர வேண்டாம் என்றால் ரகத்தைப் பற்றி உழவருக்குத் தெரிந்தே ஆக வேண்டும்.

சனி இரவு. ஓய்வுபெற்ற தமிழாசிரியர், ஆத்தூர்

ஏற்காட்டுத் தம்பி சொன்ன செய்திகளால் என் கருத்து இன்னும் உறுதியாகிறது. இவ்வளவு பெரிய வேலைக்குத் தனிப் பெயர் வேண்டாமா?

கொம்பு மறையும் என்பது அச்சின் குறை, சொல்லின் குறை அன்று. சொல்லின் உருவம் காலத்தால் தேய்வதைத் தடுக்கவும் முடியாது. ஏரியும் காடும் சேர்ந்த ஊரின் பெயர் ஏற்காடு என்று ஆகி நிற்கிறது. ஏர் பிடித்த காடு என்று கொள்வோரும் உண்டு. அதற்காக யாரும் ஊரின் பெயரை மாற்றவில்லை. ‘ரகம்’ வெளியிலிருந்து வந்த சொல். வடசொல்லையே எழுத்தை மாற்றித்தான் ஏற்கச் சொல்கிறது தொல்காப்பியம். மொழிமுதலில் ரகரம் வாராது என்பதும் இலக்கணம். ‘இரகம்’ என்றாவது எழுதுங்கள்.

ஞாயிறு காலை. கால்நடை மருத்துவர், ஓமலூர்

ஐயா, சேலத்து மாம்பழ மண்டியில் நின்று ‘இரகம்’ என்று சொன்னால் என்னை ஊருக்குப் புதியவன் என்று நினைப்பார்கள். பழத்தின் பெயரையே ஸ்ட்ராபெரி என்று ஸகர ஒற்றில் தொடங்கி எழுதிவிட்டு, ரகரத்துக்கு மட்டும் காவல் நிற்பது முறையாகாது. செம்புற்றுப்பழம் என்று இணையத்தில் ஒரு பெயர் இருக்கிறது; அதைச் சொல்லி விற்றவரையோ வாங்கியவரையோ நான் இதுவரை கண்டதில்லை.

போலி என்று படிக்கும் ஆபத்தைக் கருப்பூர் விரிவுரையாளர் சொன்ன பிறகு, பொலிப்பை இந்தக் கையேட்டில் வைக்க எனக்கு மனமில்லை. ‘புது ரகம் ஆக்கல்’ என்று மூன்று சொல்லாகவே எழுதுங்கள். நீளம்தான், ஆனால் கேட்டவுடன் விளங்கும்.

ஞாயிறு மாலை. கல்லூரி விரிவுரையாளர், கருப்பூர்

மூன்று சொற்கள் சேர்ந்தால் அது விளக்கம், கலைச்சொல் அன்று. அதிலிருந்து பெயரடை வராது. அதைச் செய்பவரைக் குறிக்க இன்னொரு தொடர் வேண்டும். ஆனாலும் நாளை காலை அச்சு என்பதால் ஓமலூர் ஐயாவின் பக்கம் நிற்கிறேன். வகையாக்கத்தைத் திரும்பப் பெறுகிறேன்.

ஞாயிறு இரவு. மொழிபெயர்ப்பாளர், அஸ்தம்பட்டி

அனைவருக்கும் நன்றி. என்னையும் சேர்த்து மூவர் ஒரு பக்கம், ஆத்தூர் ஐயா ஒரு பக்கம்; ஏற்காட்டுத் தம்பி எந்தச் சொல்லானாலும் சரி என்கிறார். எனக்கும் களைத்துவிட்டது. கையேட்டில் இப்படிச் செய்திருக்கிறேன்.

இரண்டாம் பகுதியின் தலைப்பு ‘புது ரகம் ஆக்கல்’. ‘பெருக்கம்’ என்ற சொல் அந்தப் பகுதியில் ஓரிடத்திலும் வராது. மூன்றாம் பகுதிக்கு மட்டும் ‘கன்று பெருக்கம்’ என்று வைத்திருக்கிறேன். பக்கம் 7இல் இந்த வரிகள் வருகின்றன: “கொடியிலிருந்து எடுக்கும் கன்று தாய்ச்செடியைப் போலவே காய்க்கும். தாயின் பழம் புளித்தால் கன்றின் பழமும் புளிக்கும். இனிப்பும் மணமும் வேறாக வேண்டுமென்றால் வேறு ரகத்தின் கன்றை வாங்க வேண்டும். உரத்தால் ரகம் மாறாது.” சுவைப் பத்தியில் தம்பி தந்த செய்திகளைச் சேர்த்துவிட்டேன். 100 கிராம் பழத்தில் ஏறத்தாழ 59 மில்லிகிராம் வைட்டமின் சி உண்டு என்ற வரியும் அங்கேயே இருக்கிறது.

பின்னட்டைச் சொற்பட்டியலில் ‘புது ரகம் ஆக்கல்’ என்பதற்கு எதிரே, படிப்போர் தேடுவதற்காகப் ‘பயிர் இனப்பெருக்கம்’ என்பதையும் கொடுத்திருக்கிறேன். பொலிப்புக்கு இடம் தர முடியவில்லை, ஐயா. மன்னிக்க வேண்டும்.

திங்கள் விடியற்காலை. ஓய்வுபெற்ற தமிழாசிரியர், ஆத்தூர்

பக்கம் 7இன் வரிகள் நன்றாக இருக்கின்றன. நாகலூர் அம்மையாருக்கு அவை விளங்கும். அதில் எனக்கு மகிழ்ச்சி. தலைப்பில் எனக்கு உடன்பாடில்லை என்பதைக் குழுவின் பதிவில் இருக்கட்டும் என்று எழுதுகிறேன். இரண்டாம் பதிப்பு வருமானால் அச்சு மெய்ப்பை எனக்கு அனுப்புங்கள். கொம்புகளை நானே பார்த்துத் தருகிறேன்.