தேயிலை இலையில் நீலப்பட்டைக் குட்டிச் சிலந்தி: என்ன இனம்?

மூடுபனி: இடம் இலங்கை மலையகத்து ஹப்புத்தளை. 4 மில்லிமீற்றர் இருக்கும், முதுகில் நீலப்பட்டை மினுங்குது. வலை இல்லை, முற்றின இலையை மடித்து வெள்ளைப் பட்டுப் பை கட்டியிருக்கு. கெமராவைக் கிட்டக் கொண்டுபோனால் திரும்பிப் பார்க்குது. போத்தலில் போட்ட ஒன்று மறுநாள் காலெல்லாம் மடங்கிக் கிடந்தது. ஏன்?

எட்டுக்கண்: தாவும் சிலந்தி. பின்டெல்லா என்ற பேரினம் மாதிரித் தெரியுது, அதில் விட்டாட்டா இனமாக இருக்கலாம். படத்தை மட்டும் வைத்து இனம் சொல்லாதீங்க. வளர்ந்த ஆணின் வாயருகே இருக்கிற குட்டிக் கால் போன்ற உறுப்பை (பெடிபால்ப்) நுணுக்குக்காட்டியில் பார்க்கணும். விட்டாட்டா ஆண் நம்ம கண்ணுக்குத் தெரியாத புறஊதா பி ஒளியையும் தெறிக்கும். அதை வடிகட்டி மறைத்தால் பெட்டைக்கு நாட்டம் குறையுது என்று 2008இல் சோதித்துக் காட்டினார்கள்.

கொழுந்துக்கூடை: கால் மடங்கினது அநேகமா தண்ணி வற்றித்தான். சிலந்திக் காலின் முக்கிய மூட்டுகளில் மடக்கத் தசை உண்டு, நீட்டத் தசை இல்லை. உடல் திரவத்தின் அழுத்தம்தான் நீட்டும். பாய்ச்சலுக்கும் அதே அழுத்தம்தான். ஈரம் போனால் அழுத்தம் போச்சு. போத்தலை வெயிலில் வைக்காதீங்க. மூடியில் ஊசித்துளை, ஓரத்தில் நனைத்துப் பிழிந்த பஞ்சு, பழ ஈ ஒன்றிரண்டு போதும். தண்ணி தேங்கவிட்டால் குட்டி அதிலேயே மூழ்கிடும்.

எட்டுக்கண்: இன்னொன்று, அந்தப் பையைப் பிரிக்காதீங்க. உள்ளே தோலுரிக்கும், இல்லாட்டி முட்டைக்குக் காவல் இருக்கும். படம் எடுக்கக் குளிரான விடியலே நல்லது, அசைவு மந்தமா இருக்கும். முன் பெரிய கண்ணில் ஃபோகஸ் வையுங்க.

மூடுபனி: தேயிலைக்குக் கெடுதலா?

கொழுந்துக்கூடை: இலை தின்னாது. குட்டிப் பூச்சிதான் சாப்பாடு. மருந்தடிச்சா முதலில் போறதும் இதுதான்.