சுற்றுச்சூழல் சுகாதாரத்தில் முதுநிலைப் படிப்பு: வேதியியல் படித்தவளுக்கு எந்த வழி சரி?

எர்ணாவூர் வாசி:

அனைவருக்கும் வணக்கம். வடசென்னை எர்ணாவூரில் பிறந்து வளர்ந்தவள் நான். அரசுக் கல்லூரியொன்றில் பி.எஸ்சி. வேதியியல் முடித்துவிட்டு, மூன்று ஆண்டுகளாக ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். தொழிற்சாலைகளை அடுத்த குடியிருப்புகளின் மொட்டை மாடிகளில் தூசு சாம்பிளரை வைப்பது, ஃபில்டர் தாளை ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை போடுவது, இம்பிஞ்சரில் (காற்றைத் திரவத்தினூடே செலுத்தி வாயுவைப் பிடிக்கும் கண்ணாடிக் குழாய்) பிடித்த வாயுவைக் கூடத்துக்குக் கொண்டுவந்து அளப்பது, கடைசியில் அறிக்கையில் எண்ணை எழுதி அதற்கு எதிரே ‘வரம்புக்குள் உள்ளது’ என்று தட்டச்சு செய்வது ஆகியவையே என் அன்றாட வேலை.

சில மாதங்களுக்கு முன்பு மணலியில் ஒரு வீட்டு மாடியில் கருவியைப் பொருத்திக்கொண்டிருந்தபோது, அந்த வீட்டுப் பாட்டி, “ஏம்மா, என் பேரனுக்கு ராத்திரியில ஏன் இழுக்குதுன்னு இந்த மெஷின் சொல்லுமா?” என்று கேட்டார். சொல்லாது என்றேன். அவர் சிரித்துவிட்டு மோர் கொடுத்தார். எனக்குத்தான் அந்தப் பதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

இதற்கு முன்பும் ஒருமுறை இப்படி உறுத்தியதுண்டு. 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்து சுமார் மூன்று வாரங்களே ஆகியிருந்த நிலையில், 26ஆம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பம் அருகே ஓர் உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. அங்கிருந்த என் அத்தை குடும்பம் கண் எரிச்சலோடு எங்கள் வீட்டுக்கு ஓடிவந்தது. ஆலை வாயிலருகே காற்றில் ஒரு கனமீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம் அம்மோனியா இருந்தது என்றும், இருக்க வேண்டிய வரம்பு 400 என்றும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பின்னர் அறிவித்தது. அந்த எண்ணை எப்படி அளப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். அத்தையின் நுரையீரலைப் பொறுத்தவரை அதற்கு என்ன பொருள் என்பது தெரியவில்லை.

ஆகவே சுற்றுச்சூழல் சுகாதாரத்தில் முதுநிலை படிக்க விரும்புகிறேன். எம்.எஸ்சி. சுற்றுச்சூழல் அறிவியல், எம்.பி.எச். எனப்படும் பொதுச் சுகாதார முதுநிலை, எம்.இ. சுற்றுச்சூழல் பொறியியல் ஆகிய மூன்றில் எது எனக்குப் பொருந்தும்? மருத்துவம் படிக்காதவர்களை எம்.பி.எச்.சில் சேர்ப்பார்களா? புள்ளியியலில் நான் சுமார்தான். படித்து முடித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று அம்மா கேட்கிறார். அதற்கும் என்னிடம் விடையில்லை.

மணலி ஜெனரல் ஷிப்டு:

தங்கைக்கு வணக்கம். தொழிற்சாலைகளில் தொழில்சார் சுகாதாரப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை செய்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். நீங்கள் குறிப்பிட்ட 2,090 என்ற எண்ணையே எடுத்துக்கொள்வோம். இந்தப் படிப்பு எதற்காக என்பது அதற்குள்ளேயே இருக்கிறது.

அம்மோனியாவைப் பொறுத்தவரை ஒரு பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் ஒரு பங்கு) என்பது கனமீட்டருக்கு ஏறத்தாழ 700 மைக்ரோகிராம். எனவே 2,090 மைக்ரோகிராம் என்பது சுமார் 3 பிபிஎம். 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த தொழிற்சாலைகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, வேலை செய்யும் இடத்தில் எட்டு மணி நேரச் சராசரியாக 25 பிபிஎம் வரையிலும், பதினைந்து நிமிடங்களுக்கு மட்டும் 35 பிபிஎம் வரையிலும் அம்மோனியாவை அனுமதித்தது. ஆகவே ஆலைத் தரப்பில் ஒருவர் எழுந்து, “நாங்கள் எட்டு மணி நேரம் சுவாசிக்கும் அளவில் எட்டில் ஒரு பங்குகூட இது இல்லையே” என்று சொல்லலாம். ஊர்த் தரப்பில் ஒருவர் எழுந்து, “வரம்பைப் போல ஐந்து மடங்கு” என்று சொல்லலாம். கணக்கு இருவருடையதும் சரிதான்.

எந்த அளவுகோல் யாருக்கு என்று கேட்கத் தெரிந்தவர்தான் அங்கே தேவைப்படுகிறார். வேலையிட வரம்பு, உடல்தகுதி பார்த்து வேலைக்கு எடுக்கப்பட்ட, ஷிப்டு முடிந்ததும் வெளிக்காற்றுக்குப் போய்விடுகிற வயதுவந்தவருக்கானது. பெரியகுப்பத்தில் தொட்டில் குழந்தையும் கர்ப்பிணியும் ஆஸ்துமாக்காரரும் இருபத்துநான்கு மணி நேரமும் அதே காற்றில் இருக்கிறார்கள். மறுபுறம், 400 என்பது 24 மணி நேரச் சராசரிக்கான வரம்பு. ஏதோ ஒரு நேரத்தில் எடுத்த அளவீட்டை அதனோடு நேராக ஒப்பிடுவதிலும் சிக்கல் உண்டு. அளவு எப்போது எடுக்கப்பட்டது, காற்று எந்தத் திசையில் வீசியது, மக்கள் விழித்து ஓடிய அந்த நேரத்தில் எவ்வளவு இருந்திருக்கும் என்பவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த எண் பேசும். அத்தைக்குக் கண்ணும் தொண்டையும் முதலில் எரிந்ததற்குக் காரணம், அம்மோனியா நீரில் மிக எளிதில் கரைவதால் ஈரமான பரப்பு கண்ட இடத்திலேயே பற்றிக்கொள்கிறது என்பதுதான். அவ்வளவாகக் கரையாத நைட்ரஜன் டை ஆக்சைடு அப்படிப்பட்டதன்று. முதலில் பெரிதாக எரிச்சல் தராமல் நுரையீரலின் ஆழம் வரை போய்விடும்.

மூன்று வழிகளைப் பற்றிக் கேட்டீர்கள். எம்.இ. என்பது சுத்திகரிப்பு நிலையங்களை வடிவமைப்பவர்களுக்கானது, பொறியியல் பட்டமும் கேட்பார்கள், அதை விட்டுவிடுங்கள். எம்.எஸ்சி. சுற்றுச்சூழல் அறிவியல் நல்ல படிப்புதான், ஆனால் ஏற்கெனவே உங்கள் கைக்கு வந்துவிட்ட வேலையையே அதில் பெரும்பாலும் மறுபடி படிப்பீர்கள். அளக்கும் பக்கம் உங்களிடம் இருக்கிறது. இல்லாதவை நச்சியலும் (நச்சு உடலை என்ன செய்கிறது என்பது), நோய்ப்பரவியலும் (மக்களிடையே நோய் யாருக்கு, ஏன் வருகிறது என்பது), உயிர்ப்புள்ளியியலும் (அந்தத் தரவுகளுக்கான புள்ளியியல்). அவற்றைச் சேர்த்துக் கற்றுத்தரும் எம்.பி.எச்., அதிலும் தொழில்சார் அல்லது சுற்றுச்சூழல் சுகாதாரத்தைச் சிறப்புப் பாடமாகக் கொண்டது கிடைத்தால், அதுவே உங்களுக்குச் சரி. மருத்துவர் அல்லாத அறிவியல் பட்டதாரிகளைப் பல இடங்களில் சேர்க்கிறார்கள். சில இடங்களில் சுகாதாரத் துறை அனுபவம் கேட்கிறார்கள். விண்ணப்பக் கட்டணம் கட்டுவதற்கு முன் தகுதிப் பக்கத்தை இருமுறை படியுங்கள்.

தரவு மேசை:

அண்ணன் சொன்னதை ஏற்கிறேன். நோய்ப்பரவியல் பக்கத்திலிருந்து, கொஞ்சம் கசப்பான ஒன்றையும் சேர்க்க வேண்டியிருக்கிறது.

வடசென்னையிலிருந்து இந்தப் படிப்புக்கு வரும் பலர், தங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரிந்ததை நிரூபிக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு வருகிறார்கள். நானும் அப்படித்தான் வந்தேன். ஆனால் ஆய்வு நாம் எதிர்பார்த்த விடையைத் தந்தே தீரும் என்ற உறுதி கிடையாது. போரூரில் உள்ள ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தின் சுற்றுச்சூழல் சுகாதாரப் பொறியியல் துறை, வீட்டு அடுப்புப் புகை குறித்த ஆய்வுகளுக்கு உலகளவில் பெயர்பெற்றது. அத்துறை பங்கேற்ற ஹாபின் ஆய்வில், இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நான்கு நாடுகளில் சுமார் 3,200 கர்ப்பிணிகள் சேர்க்கப்பட்டனர். இந்தியாவில் விழுப்புரமும் நாகப்பட்டினமும் களங்கள். பாதிப் பேருக்கு எரிவாயு அடுப்பும் சிலிண்டரும் கொடுக்கப்பட்டன. மீதிப் பேர் விறகு முதலியவற்றில் தொடர்ந்து சமைத்தனர். எரிவாயுக் குழுவினர் சுவாசித்த பிஎம் 2.5 நுண்துகளின் இடைநிலை அளவு கனமீட்டருக்கு 24 மைக்ரோகிராமாக இறங்கியது. மற்றவர்களுக்கு அது 70.7. இவ்வளவு வேறுபாடு இருந்தும், 2022இல் முடிவு வெளியானபோது, பிறந்த குழந்தைகளின் எடையில் இரு குழுக்களுக்கும் இடையே இருந்த வேறுபாடு ஏறத்தாழ 20 கிராம்தான்; அதுவும் தற்செயலாக வந்திருக்கக்கூடிய எல்லைக்குள் இருந்தது. ஆய்வாளர்கள் அதை அப்படியே வெளியிட்டார்கள். இதைக் கேட்டதும் புகை தீங்கற்றது என்று முடிவுகட்டுபவரும், ஆய்வே தவறு என்று ஒதுக்குபவரும் இந்தப் படிப்புக்கு இன்னும் தயாராகவில்லை என்பது என் கருத்து.

எண்ணூரை எடுத்துக்கொண்டால் சிக்கல் இன்னும் கூடும். ஒரே குழந்தையின் நெஞ்சில் அனல்மின் நிலையத்தின் புகையும், கண்டெய்னர் லாரிகளின் டீசல் புகையும், பக்கத்து வீட்டுக் கொசுவத்தியும், அப்பாவின் பீடியும் சேர்ந்தே இறங்குகின்றன. எது எவ்வளவு என்று பிரித்தாக வேண்டும். இழுப்பு அதிகமான குடும்பம் வீட்டைக் காலிசெய்துகொண்டு வேறு பகுதிக்குப் போயிருந்தால், நாம் கணக்கெடுக்கும் நாளில் தெருவில் நலமானவர்களே மிஞ்சியிருப்பார்கள். தொழிலாளர்களிடமும் இதே கதைதான்: நோயுற்றவர் வேலையை விட்டு நின்றுவிடுவதால், ஆலைக்குள் இருப்பவர்கள் பொதுமக்களைவிட ஆரோக்கியமானவர்களாகக் கணக்கில் தெரிவார்கள். மணலிப் பாட்டியின் பேரனுக்கு ஏன் இழுக்கிறது என்பதை முதுநிலைப் பட்டமும் சொல்லாது. அவனைப் போன்ற ஆயிரம் பேரில் எத்தனை பேருக்கு இழுப்பு வருகிறது, காற்று மேம்பட்டால் அதில் எத்தனை பேருக்குக் குறையும் என்பதை வேண்டுமானால் ஒரு நாள் உங்களால் சொல்ல முடியும்.

சென்னையிலேயே படிப்பதென்றால், போரூருக்கு நேரில் போய் இந்த ஆண்டு என்னென்ன முதுநிலைப் படிப்புகள் நடக்கின்றன என்று விசாரியுங்கள். அயப்பாக்கத்தில் உள்ள தேசிய நோய்ப்பரவியல் நிறுவனமும், திருவனந்தபுரத்தில் அச்சுத மேனன் மையமும் எம்.பி.எச். நடத்துகின்றன. புள்ளியியலைக் கண்டு அஞ்ச வேண்டாம், இன்றே தொடங்குங்கள். மணலி, கொடுங்கையூர், ராயபுரம் ஆகிய இடங்களின் தொடர் கண்காணிப்பு நிலையங்களின் தரவு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதை இறக்கி, ஆர் என்ற இலவச மென்பொருளில் மணிவாரியாக ஒரு வரைபடம் போட்டுப் பாருங்கள். காலியாகக் கிடக்கும் மணி நேரங்களை என்ன செய்வது என்ற கேள்வி உங்களுக்குத் தானாகவே எழும். பாதிப் புள்ளியியல் அங்கேதான் இருக்கிறது.

ராயபுரம் கோப்பு:

அம்மாவின் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். தொழிற்சாலைகளின் பாதுகாப்பு, சுகாதாரம், சுற்றுச்சூழல் பிரிவுகள், சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு தயாரிக்கும் நிறுவனங்கள், ஆராய்ச்சித் திட்டங்கள் ஆகிய இடங்களில் வேலை உண்டு. திட்ட வேலைகள் ஒப்பந்த அடிப்படையில் இருக்கும் என்பதை வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அரசு வேலை நோக்கமென்றால் ஒன்றைக் கவனியுங்கள்: அறிவிப்பில் எந்தப் பட்டத்தின் பெயர் அச்சாகியிருக்கிறதோ அதைத்தான் பார்ப்பார்கள். ‘சுற்றுச்சூழல் சுகாதாரம்’ என்ற பெயர் அதில் இல்லாவிட்டால், உங்கள் பட்டம் அவர்கள் கேட்ட பட்டத்துக்குச் சமம் என்று சொல்லும் இணைத்தன்மை அரசாணை எங்கே என்று கேட்பார்கள். மதிப்பெண் நிறைய இருந்தும் சான்றிதழ் சரிபார்ப்பில் திரும்பி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். சேரும் முன்பே கல்லூரியில் இதைக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

எர்ணாவூர் வாசி:

மூவருக்கும் நன்றி. ஹாபின் ஆய்வைப் பற்றிப் படித்ததும் முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. இரண்டாம் முறை படித்தபோது அந்தக் கோபமே என்னைப் பற்றி ஏதோ சொல்வதாகப் பட்டது. வெளிநாட்டில் படிப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல முடியுமா? எங்களால் கடன் வாங்க இயலாது.

தரவு மேசை:

இங்கிலாந்தில் முதுநிலை பெரும்பாலும் ஓராண்டுதான், ஆகவே செலவும் ஓராண்டோடு முடியும். பிரிட்டன் அரசின் செவனிங் உதவித்தொகைக்கு இரண்டு ஆண்டுப் பணி அனுபவம் வேண்டும். அது உங்களிடம் இருக்கிறது. படித்து முடித்ததும் நாடு திரும்பி இரண்டு ஆண்டுகளாவது இங்கே இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. உங்கள் கேள்வியைப் படித்தால் அது உங்களுக்குச் சுமையாகத் தோன்றவில்லை. பட்டியல் சாதியினராக இருந்தால் ஒன்றிய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகையையும் பாருங்கள். குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். எதற்கு விண்ணப்பித்தாலும் நோக்கக் கட்டுரையில் சமூக சேவை, கனவு என்றெல்லாம் எழுதாமல், 2,090 என்ற எண்ணைப் பற்றி ஒரு பக்கம் எழுதுங்கள்.

மணலி ஜெனரல் ஷிப்டு:

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன், தங்கையே. படிப்பு தொடங்கும்வரை காத்திராமல், ‘வரம்புக்குள் உள்ளது’ என்று தட்டச்சு செய்யும்போது எந்த வரம்பு, எத்தனை மணி நேரச் சராசரி என்பதையும் எழுதிப் பழகுங்கள். பிஎம் 2.5க்கு இந்தியாவின் 24 மணி நேர வரம்பு கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராம். உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டு அளவு 15. உங்கள் அறிக்கையில் 45 வந்தால், ஒன்றில் தேறுகிறது, மற்றொன்றில் மூன்று மடங்கு.

எர்ணாவூர் வாசி:

எங்கள் கூடத்தின் படிவத்தில் அதற்குத் தனிக் கட்டம் இல்லை அண்ணா. கீழே ‘குறிப்பு’ என்றொரு வரி எப்போதும் காலியாகவே போகிறது. நாளை கொடுங்கையூர் அறிக்கை ஒன்று இருக்கிறது, அதில் எழுதிப் பார்க்கிறேன். மேலாளர் அடித்துவிட்டால் இங்கே வந்து சொல்கிறேன்.