உறைதடுப்புப் புரதமா, பனிப்பூட்டுப் புரதமா?

அனைவருக்கும் வணக்கம். குளிர்க்கடல் மீன்களின் இரத்தம் பனிக்கட்டியாகிவிடாமல் காக்கும் ‘ஆன்டிஃபிரீஸ் புரோட்டீனுக்கு’த் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற பேச்சில், ஐயா ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> ஆன்டிஃபிரீஸ் புரோட்டீனுக்கு ‘உறைதடுப்புப் புரதம்’ என்றே வைத்துவிடலாம். எளிது, சட்டென்று புரியும்.

எளிது என்பதில் எனக்கும் மறுப்பில்லை ஐயா. ஆனால் சட்டென்று புரிவது தப்பாகப் புரிந்துவிடுமோ என்று பயப்படுகிறேன். இரத்தம் கட்டாமல் தடுக்கும் ஹெபாரின், வார்ஃபரின் போன்றவற்றை ஏற்கெனவே உறைதடுப்பு மருந்து, உறைவெதிர்ப்பி என்று எழுதிவருகிறோம். ‘அண்டார்க்டிக் மீனின் இரத்தத்தில் உறைதடுப்புப் புரதம் இருக்கிறது’ என்று படிக்கும் மாணவி, அந்த மீனுக்குக் காயம் பட்டால் இரத்தம் கட்டாது என்றுதானே நினைப்பாள்? பால், இரத்தம், நீர் மூன்றுக்கும் நம்மிடம் ‘உறை’ ஒன்றுதான்.

அதைவிடப் பெரிய சிக்கல், அந்தப் புரதம் உண்மையில் செய்யும் வேலை. அண்டார்க்டிகாவின் மெக்மர்டோ கடற்பகுதியில் நீர் சுமார் மைனஸ் 1.9 டிகிரி செல்சியஸில் இருக்கிறது. உப்பு இருப்பதால் அது உறைவதில்லை. சாதாரணக் கடல்மீனின் இரத்தமோ மைனஸ் 0.8 வாக்கிலேயே உறைந்துவிடும். அப்படியும் நோட்டோதெனியாய்டு எனும் தென்துருவ மீன்கள் அங்கே நிம்மதியாக வாழ்கின்றன. 1960களில் ஆர்தர் டிவ்ரீஸ் என்ற ஆய்வாளர் அவற்றின் இரத்தத்தில் சர்க்கரை ஒட்டிய ஒரு புரதத்தைக் கண்டுபிடித்தார். நீரின் உறைநிலையை உப்பு இறக்குவதைப் போல இது வேலை செய்வதில்லை. நுண்ணிய பனித்துகள்கள் மீனுக்குள் போகத்தான் செய்கின்றன. மண்ணீரலில்கூட அவற்றைப் பார்த்திருக்கிறார்கள். புரதம் அந்தத் துகளின் மேல் படிந்து, அதை மேற்கொண்டு வளரவிடாமல் செய்கிறது.

வீட்டில் தயிர் தோய்ப்பவர்களுக்கு இது உடனே பிடிபடும். ஒரு கரண்டி உறைமோர் பானைப் பாலையும் தோய்த்துவிடும். மீனுக்குள் நுழைந்த பனித்துகளும் அப்படியொரு உறைமோர்தான். புரதம் அதை வெளியே தள்ளுவதில்லை, இருந்த இடத்திலேயே பூட்டி வைக்கிறது. அதனால்தான் ‘பனிப்பூட்டுப் புரதம்’ என்கிறேன்.

‘பனி என்றால் மார்கழிப் பனியும்தானே’ என்று இங்கே ஓர் அம்மா கேட்டிருந்தார்கள். நியாயமான கேள்வி. ஆனால் பனிப்பாறை, பனிக்கரடி எல்லாம் நிலைத்துவிட்ட பிறகு, துருவத்தைப் பேசும் இடத்தில் யாரும் புல்நுனிப் பனியை நினைக்கமாட்டார்கள். ‘பனிக்கட்டிப் பூட்டுப் புரதம்’ இன்னும் துல்லியம்தான், வாயில் நிற்காது.

‘பனிப்பற்றுப் புரதம்’ என்பதும் நல்ல சொல். பனிக்கட்டியில் ஒட்டிக்கொள்ளும் எல்லாப் புரதங்களுக்கும் பொதுவான குடும்பப் பெயராக அதை வைத்துக்கொள்ளலாம். பனிக்கட்டியைப் பிடித்துத் தொங்குவதற்கென்றே இத்தகைய புரதம் வைத்திருக்கும் அண்டார்க்டிக் பாக்டீரியாவும் உண்டு. அது பற்றுகிறது, பூட்டுவதில்லை.

பெயரில் ‘தென்துருவ’ என்ற அடைமொழி மட்டும் வேண்டாம். வடக்கே ஆர்க்டிக் காட் மீனிடமும் ஏறக்குறைய இதே புரதம் இருக்கிறது. உறவில் வெகு தூரத்து மீன். தெற்கத்தி மீன்களில் இதற்கான மரபணு, ஒரு செரிமான நொதியின் மரபணுவிலிருந்து உருவானது; காட் மீனில் அது வேறு வழியில் தனியாக வந்தது. இரண்டு துருவத்திலும் குளிர் ஒரே விடையை வரவழைத்திருப்பதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

அப்புறம், இந்தப் புரதத்தால் உருகுநிலைக்கும் உறைநிலைக்கும் இடையே ஓர் இடைவெளி விழுகிறது. ஆங்கிலத்தில் அதைத் தெர்மல் ஹிஸ்டெரிசிஸ் என்கிறார்கள். இயற்பியல் பாடநூலில் காந்தங்களின் ஹிஸ்டெரிசிஸுக்குக் ‘காந்தத் தயக்கம்’ என்ற சொல் இருப்பதால் இதை ‘உறைதயக்கம்’ எனலாமா? இயற்பியல் படித்தவர்கள் சொல்லுங்கள்.