ஊர் வரலாற்று நூலில் வாய்மொழிக் கதைக்கு இடம் உண்டா?

மெய்க்கீர்த்தி:
அண்மைக்காலத்தில் வெளிவரும் ஊர் வரலாற்று நூல்கள் பலவற்றில் பாதிப் பக்கங்களைத் தலபுராணமும் பெரியவர்கள் சொன்ன கதைகளுமே பிடித்துக்கொள்கின்றன. மன்னன் ஒருவன் குளத்தில் நீராடித் தோல்நோய் நீங்கியதால் கோயில் எழுப்பினான் என்ற கதையை எத்தனையோ ஊர்களில் கேட்டுவிட்டேன். மன்னன் பெயரும் குளத்தின் பெயரும் மட்டுமே மாறுகின்றன. கல்வெட்டு கிடைத்திருக்கும் ஊருக்கு இவை எதற்கு? உத்திரமேரூரில் சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆம் ஆண்டுகளில் பொறித்த இரண்டு கல்வெட்டுகளே போதும். ஊர் 30 குடும்புகளாக, அதாவது பகுதிகளாகப் பிரிந்து, பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு எடுக்கும் குடவோலை முறையில் வாரியங்கள் என்ற நிர்வாகக் குழுக்களுக்கு ஆள் தேர்ந்த விதத்தை அவை படிப்படியாகச் சொல்லிவிடுகின்றன. வாய்மொழிக் கதைகளைப் பின்னிணைப்புக்கு அனுப்பிவிடலாம் என்பது என் கருத்து.

சேரிக்கரை:
நீங்கள் காட்டிய அதே கல்வெட்டை வைத்தே மறுக்கிறேன். ஓலையில் பெயர் ஏற வேண்டுமானால் ஒருவருக்குக் கால் வேலி அளவுக்கு மேல் வரி செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும், 35 வயதுக்கு மேல் 70 வயதுக்குள் என்ற வரம்பும் வேண்டியிருந்தன. அது பிராமணர் சபை தனக்கு வகுத்துக்கொண்ட விதி. குடத்திலிருந்து ஓலையை எடுத்தவனும் விவரமறியாத ஒரு சிறுவன்தான்; ஆகவே அது திருவுளச்சீட்டே தவிர வாக்கெடுப்பு அல்ல. ஆனால் நம் நூல்களிலோ அது ஊர்மக்கள் அனைவரும் வாக்களித்த தேர்தலாகிவிடுகிறது. அந்த ஊரின் நிலத்தை உழுதவர்கள் யார், எங்கே குடியிருந்தார்கள் என்று அந்த இரண்டு கல்வெட்டுகளிலும் தேடிப் பாருங்கள்.

மெய்க்கீர்த்தி:
அது கல்லின் குற்றமன்று, படித்தவரின் குற்றம். தகுதிகளை அந்தக் கல்லே ஒளிக்காமல் சொல்லியிருப்பதால்தான் நீங்கள் இப்படி மறுக்கவே முடிகிறது. ஜப்பானிய வரலாற்றாய்வாளர் நொபொரு கராஷிமா திருச்சிப் பக்கத்து அல்லூர், ஈசானமங்கலம் ஆகிய இரண்டு ஊர்களின் சோழர்காலக் கல்வெட்டுகளை ஒப்பிட்டு, பிரமதேயமான, அதாவது பிராமணர்க்குக் கொடையாக அளித்த ஊரான ஈசானமங்கலத்தில் தனியாள்கள் நிலத்தை விற்றதையும், பிரமதேயமல்லாத அல்லூரில் ஊரார் கூட்டாக விற்றதையும் காட்டினார். எந்த வாய்மொழிக் கதையும் அந்த வேறுபாட்டைத் தந்திருக்காது. எளியவர் பெயர் கல்லில் ஏறாது என்பதையும் ஒப்புக்கொள்ள மாட்டேன். தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் குடியேற்றிய கோயில் பணிப்பெண்களான நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் பெயரும், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்பதும், முன்பு அவர்கள் இருந்த கோயிலும் சுவரிலேயே இருக்கின்றன.

சேரிக்கரை:
இருக்கின்றன; ஏன் இருக்கின்றன என்றும் கேட்க வேண்டும். ஆளுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல் அளக்க வேண்டியிருந்தது, அதனால் கணக்குக்குப் பெயர் தேவைப்பட்டது. அதே கோயிலில் ஊர்களின் நிலக்கணக்கைச் சொல்லும் கல்வெட்டுகளையும் படித்துப் பாருங்கள். ஊர்நத்தம் என்ற குடியிருப்பு நிலம், ஸ்ரீகோயில், குளம், ஊடறுத்துப் போன வாய்க்கால், கம்மாளர் வாழ்ந்த கம்மாணச்சேரி, பறைச்சேரி, சுடுகாடு என்று இறையிலி (வரி இல்லாத) நிலங்கள் ஒரே மூச்சில் அடுக்கப்படுகின்றன. அங்கிருந்து வரி வராது என்பதற்காகவே சேரி குறிப்பிடப்படுகிறது, அதுவும் சுடுகாட்டோடு சேர்த்து. அங்கே வாழ்ந்த ஒருவர் பெயர்கூட அந்தப் பட்டியலில் இல்லை. முதல்முறை அச்சுப்படியில் இதைப் படித்தபோது அடுத்த வரிக்குப் போக எனக்குச் சற்று நேரமாயிற்று. நிலக்கணக்கு எட்டாத இந்த இடத்தில் வயலின் பெயரும், எல்லைத் தெய்வத்தின் கதையும், நடவுப் பாட்டும்தான் நமக்கு மிஞ்சியிருக்கின்றன.

மைப்படி:
நான் படியெடுக்கப் போகிறவன் என்பதால் இடையில் ஒன்று சொல்கிறேன். ஈரத்தாளைக் கல்லில் ஒட்டித் தூரிகையால் அடித்து மை ஒற்றும்போது, ஒரு வரி நடுவில் நின்று, அதன் மறுபாதி தலைகீழாக வேறொரு மூலையில் தென்படுவது அரிதன்று. திருப்பணியில் கற்களைப் பிரித்து மாற்றி அடுக்கிவிட்டார்கள் என்று பொருள். சுத்தம் செய்வதற்காக மணலை வேகமாகப் பீய்ச்சியதால் எழுத்து மழுங்கிய சுவர்களையும் பார்த்திருக்கிறேன். பழைய காலத்தவர் இதில் நம்மைவிடக் கவனமாக இருந்ததும் உண்டு; கோயிலைப் பிரித்துக் கட்டியபோது பழைய எழுத்தைப் புதுச் சுவரில் பெயர்த்தெழுதி, ‘இது ஒரு பழங்கல்படி’ என்று குறித்தும் வைத்தார்கள். அதாவது மூலக் கல்லுக்கும் படிக்கும் உள்ள வேறுபாடு வாசகருக்குத் தெரிய வேண்டும் என்று அவர்கள் கருதினார்கள். வாய்மொழிக் கதைக்கும் அதே மரியாதையைச் செய்யலாமே.

மெய்க்கீர்த்தி:
மைப்படி சொன்ன வழி எனக்கு ஏற்புடையது. கதையைச் சொன்னவர் எந்தத் தெருவினர், யாரிடம் கேட்டார், எந்த ஆண்டில் பதிவானது என்ற விவரங்களோடு அது நூலின் உள்ளேயே வரட்டும். பின்னிணைப்பு என்று நான் சொன்னதை விட்டுவிடுகிறேன். ஆனால் எல்லைத் தெய்வத்தின் கதையைப் பத்தாம் நூற்றாண்டு அத்தியாயத்தில் வைத்து அதற்கு ஒரு சோழ மன்னனையும் சேர்த்தால், அப்போதும் எதிர்ப்பேன்.

சேரிக்கரை:
நானும் எதிர்ப்பேன். கதை பதிவான காலத்து அத்தியாயத்தில் வையுங்கள். அதே அத்தியாயத்தில், இறையிலிப் பட்டியலில் வரும் சேரிக்கு இன்று அந்த ஊரில் என்ன பெயர் வழங்குகிறது என்பதையும் அங்கேயே கேட்டு எழுதிச் சேருங்கள்.