குயில்ட் தைக்க எந்த அளவு வளையம் வாங்குவது?

திருகோணமலை உப்புவெளியில் வசிக்கிறேன். பேத்திக்காக, பழைய வாயில் (voile எனும் மெல்லிய துணி) சேலைத் துண்டுகளை ஒட்டுப்போட்டு, நடுவே மெல்லிய பருத்திப் பஞ்சும் அடியில் வெள்ளைத் துணியும் வைத்து, 45க்கு 60 அங்குலத்தில் ஒரு குயில்ட் போர்வையைப் புரட்டாதியிலிருந்து கையால் தைத்து வருகிறேன். என்னிடம் இருப்பது 8 அங்குல மூங்கில் எம்பிராய்டரி வளையம். திருகாணியை முழுவதும் தளர்த்தினாலும் மூன்று அடுக்கும் அதற்குள் சிரமப்பட்டே நுழைகின்றன. பத்துத் தையல் போடுவதற்குள் ஒரு பக்கம் நழுவி, அடித்துணியில் நக அகலத்துக்கு மடிப்பு விழுந்துவிடுகிறது.

நான்கு அங்குலத்துக்கு ஒரு வரியாக முன்னரே இழையோட்டி, நடுவிலிருந்து வெளிப்புறமாகவே தைக்கிறேன். உள்வளையத்தில் பருத்தி நாடா சுற்றியதும் நழுவுவது குறைந்தது, ஆனால் வெளிவளையம் பூட்ட மறுத்தது. பறைபோல இறுக்கிப் பார்த்தபோது ஊசியை மேலும் கீழும் அசைத்து மூன்று தையலைச் சேர்த்தெடுக்க முடியவில்லை. சற்றுத் தொய்வாக விட்டால்தான் கை ஓடுகிறது. வளையமே இன்றித் தைத்த வரி கோணலாகிப் பிரித்தேன். மாரி தொடங்கியபின் ஓரிரவு கழற்றாமல் விட்டதில் திருகாணியின் துருக்கறை துணியில் படிந்தது, அது என் கவனக்குறைவு.

இங்குள்ள கடைகளில் எம்பிராய்டரி வளையங்களே கிடைக்கின்றன. ஆழமான குயில்ட் வளையத்தைக் கொழும்பிலிருந்துதான் தருவிக்க வேண்டும், திருப்பிக் கொடுக்கவும் இயலாது. மடியில் வைத்துத் தைக்கும், கை நீளம் குறைந்த எனக்கு 14 அங்குலம் பொருந்துமா, 18 அங்குலமா?